பிடி என்றுதான் சொன்னார்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் ஜெயராமன் ஐயா அவர்களே, எங்கள் பங்குத் தந்தை அவர்களே, மேடையில் இடம் போதாமல் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் அன்பியக் குழுப் பொறுப்பாளர்களே, சிவாஜிநகரில் பாதிக் கதவைச் சாத்திவிட்டு ஓடிவந்திருக்கும் கடைக்காரர்களே, ஆனேக்கலிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கும் என் சொந்தக்காரர்களே, கணவரை அடக்கம் செய்து எட்டு நாளே ஆன லீனா அம்மா அவர்களே, முன்வரிசையில் மகள் அனுஷாவோடு அமர்ந்திருக்கும் யூனிஸ் அக்கா அவர்களே! உபதேசியாரோடு பத்தொன்பது ஆண்டு சவப்பெட்டி சுமந்த கில்பர்ட் உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன்.

எனக்கு முன்னால் ஆறு பேர் பேசினார்கள். ஆறு பேரும் நம் உபதேசியார் மதலைமுத்து அவர்களைப் புகழ்ந்தார்கள். புகழட்டும்! புகழத் தகுந்த மனிதர். நானும் புகழ்வேன். ஆனால் நான் இங்கே ஏறியது அதற்கு மட்டும் அல்ல. சாவதற்கு ஒரு வாரம் முன்னால் உபதேசியார் எனக்கு ஒரு வேலை கொடுத்தார். இத்தனை ஆண்டுகளில் அவர் கொடுத்த எந்த வேலைக்கும் நான் மாட்டேன் என்று சொன்னதில்லை. இதற்குச் சொன்னேன். அழுதுகூடப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை.

அந்த வேலை இதுதான்: யூனிஸ் அக்காவிடம் நான் ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். நான் சொன்ன ஒரு பொய்யை நானே உடைக்க வேண்டும். அக்கா, உங்களிடம் தனியாகத்தான் சொல்லியிருக்க வேண்டும். அதுதான் முறை. இந்த எட்டு நாளும் உங்கள் வீட்டு வாசல்வரை வந்தேன். எட்டு நாளும் செருப்பைக் கழற்றாமலே திரும்பினேன். தனியாக ஆரம்பித்தால் நடுவில் நிறுத்திவிடுவேன், எனக்கு என்னைத் தெரியும். இத்தனை பேர் முன்னால் ஆரம்பித்துவிட்டால் நிறுத்த முடியாதல்லவா? அதனால்தான் இந்த மைக்கின் முன் நிற்கிறேன்.

முதலில் அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் என் கதையைச் சொன்னால் அது அவருக்கு நான் செய்யும் இன்னொரு அநியாயம்.

மதலைமுத்து யார்? ஜீவனஹள்ளியில் எந்தச் சந்தில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் முதலில் வந்து நிற்பது யார்? அண்ணனா? மைத்துனனா? அவர்களுக்கு போன் போகும் முன்பே உபதேசியார் வந்திருப்பார்! அந்த மஞ்சள் துணிப்பை உங்களுக்குத் தெரியும். அதற்குள் சிலுவையில் பாடுபட்ட சுரூபம் ஒன்று, இரண்டு மெழுகுவர்த்தி, தீர்த்த பாட்டில், பஞ்சு, தாடையைக் கட்ட ஒரு வெள்ளைத் துணி. அழுகிறவர்களை அழவிடுவார். யாரையும் தேற்றமாட்டார். உடம்பு விறைக்கும் முன் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, அடுப்படிக்குப் போய் அவரே காபி போட்டு எல்லோருக்கும் கொடுப்பார். சாதி கேட்டாரா? மதம் கேட்டாரா? கொரோனா நாட்களில் பெற்ற பிள்ளைகளே கிட்டே வரப் பயந்த உடம்புகளை நாங்கள் தூக்கினோம். தலைமாட்டில் அவர், கால்மாட்டில் நான். எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்த ஒரே தொழில் அதுதான்.

நம் பங்கில் ஒரு வழக்கம் இருக்கிறது, கவனித்திருப்பீர்கள். கல்லறைத் தோட்டத்தில் கயிறு போட்டுப் பெட்டியை இறக்கும்போது யாரும் வாய் திறப்பதில்லை. மற்ற பங்குகளில் பாருங்கள், “மெதுவா, மெதுவா, இந்தப் பக்கம் விடு” என்று ஒரே சத்தம். நம்மிடம் சத்தம் கிடையாது. உபதேசியார் உள்ளங்கையை உயர்த்தினால் நிறுத்த வேண்டும், தாழ்த்தினால் இறக்க வேண்டும். இறந்தவருக்கு என்ன மரியாதை பாருங்கள் என்று வெளியூர்க்காரர்கள் சொல்லிப் போவார்கள். நமக்கும் அதில் ஒரு பெருமை. அது மரியாதை இல்லை, ஐயா! அது பயம். கயிற்றின் பக்கத்தில் நின்று ஒரு சொல் சொல்ல அந்த மனிதருக்குப் பயம்.

ஏன் என்று பெரியவர்களுக்குத் தெரியும். புதிதாகத் தமிழ்நாட்டிலிருந்து பெங்களூருக்கு வேலைக்கு வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். யூனிஸ் அக்கா, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பர் மாதம், மூன்றாவது சனிக்கிழமை, மத்தியானம். கிறிஸ்துமஸுக்குக் கோயில் கோபுரத்தில் மூங்கில் நட்சத்திரம் கட்டினார்கள். அக்காவின் கணவர் கிளிஃபர்ட் அண்ணன் எலக்ட்ரீஷியன், முப்பத்து நான்கு வயது. பல்பு வரிசையை மாட்டுவதற்காகக் கோபுரத்தின் வெளி விளிம்பில் நடந்தார். இடுப்பில் கயிறு. அந்தக் கயிறு மேலே மணி தொங்கும் உத்தரத்தைச் சுற்றிக் கீழே வரும். கீழே அதைப் பிடித்திருந்தவன் நான். அப்போது எனக்கு இருபத்தாறு வயது, பெயின்ட் வேலைக்கு வந்து இரண்டு மாதம். முற்றத்தின் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்துக் கட்டளை சொன்னவர் உபதேசியார். அண்ணன் நகர வேண்டுமானால் “விடு” என்பார், நிற்க வேண்டுமானால் “பிடி” என்பார்.

அண்ணனின் கால் வழுக்கியது. உபதேசியார் “பிடி! பிடி!” என்று அலறினார். கயிறு ஓடியது. அண்ணன் விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

போலீஸ் வந்தது. ஏன் விட்டாய் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். நான் கன்னடத்தில் பதில் சொன்னேன்: “அவ்ரு பிடி அந்த்ரு சார், அதுக்கே பிட்பிட்டே.” அவர் விடுங்கள் என்றார், அதனால்தான் விட்டுவிட்டேன் என்று. கன்னடத்தில் “பிடி” என்றால் விடுங்கள் என்று அர்த்தம், பெங்களூரில் இருக்கும் உங்களுக்குத் தெரியாததா? முதல் எழுத்தில் கொஞ்சம் கனம் கொடுப்பார்கள், அவ்வளவுதான். தமிழில் எழுதிக் காட்டினால் அந்த வித்தியாசமும் கிடையாது. பற்றிக்கொள் என்று தமிழன் சொன்னது, விட்டுவிடு என்று கன்னடக்காரன் காதில் விழுந்தது. இன்ஸ்பெக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். விபத்து என்று எழுதி முடித்தார்கள்.

ஊரும் நம்பியது. உபதேசியாரும் நம்பினார். அவர் நம்பியதுதான் கொடுமை!

வீட்டில் நாமெல்லாம் “புடி” என்றுதானே சொல்வோம்? அவரும் அப்படித்தான் பேசுவார். ஆனால் சத்தம் போட்டு ஏதாவது சொல்லும்போது மட்டும் அவருக்குக் கோயில் தமிழ் வந்துவிடும், மைக் முன்னால் செபம் சொல்லிச் சொல்லி வந்த பழக்கம். அடக்கத்தன்று கை கழுவும் இடத்தில் யாரோ பேசிக்கொண்டார்கள்: “நம்மள மாதிரி புடின்னு கத்தியிருந்தா அந்த ஆளு பொழச்சிருப்பான்ப்பா. இவரு தமிழ் வாத்தியார் மாதிரி பிடின்னாரு.” பின்னால் உபதேசியார் நின்றிருந்தார். நான் அவர் பக்கத்தில் நின்றிருந்தேன். அவர் முகத்தை நான் பார்த்தேன்.

அன்றிலிருந்து அந்தச் சொல்லை அவர் வாயில் எடுக்கவில்லை. நம் மொழியில் அது இல்லாமல் ஒரு நாளை ஓட்ட முடியுமா? பஸ் பிடிக்க வேண்டும் என்று சொல்லமாட்டார், ஏற வேண்டும் என்பார். தலைவலி பிடித்திருக்கிறது என்று சொல்லமாட்டார். இன்ன குழம்பு பிடிக்கும் என்று சொல்லமாட்டார், நல்லா இருக்கு என்பார். லீனா அம்மா ஒரு தடவை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்கள்: “கல்யாணமான புதுசுல என்னைப் பிடிக்கும்னு ஒரே ஒரு தடவ சொன்னாரு கில்பர்ட்டு. இனிமே அதுவும் இல்ல.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அடக்கத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலி. சமாதானம் பகிர்ந்துகொள்ளும் நேரத்தில் யூனிஸ் அக்கா எழுந்து, கோயிலின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்து, உபதேசியாரின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார்கள். “நீங்க வேணும்னு செய்யல உபதேசியாரே. எனக்கு உங்க மேல ஒண்ணும் இல்ல” என்றார்கள். தாலி கழற்றி ஒரு வாரம்கூட ஆகாத பெண்! கோயிலே அழுதது. அப்புறம் கடைசி வரிசைக்கு வந்து என் தலையைத் தொட்டார்கள். “நீயும் அழாத தம்பி. பாஷை தெரியாத புள்ள, நீ என்ன பண்ணுவ?” என்றார்கள்.

ஆனாலும் உபதேசியாரால் அந்த மன்னிப்பை வாங்கிக்கொள்ள முடியவில்லை. சனிக்கிழமை தவறாமல் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். பத்தொன்பது ஆண்டுகள், ஒரே பாவம்! நான்கு பங்குத் தந்தையர் மாறிவிட்டார்கள். இது பாவமே இல்லை என்று ஒருவர் சொன்னாராம். எப்போதோ மன்னிக்கப்பட்டுவிட்டது, திரும்பத் திரும்பச் சொல்வதுதான் பாவம் என்று இன்னொருவர் கோபித்துக்கொண்டாராம். அவரே வந்து என்னிடம் சொல்வார். சொல்லிவிட்டு அடுத்த சனிக்கிழமையும் போவார்.

அதே மனிதர்தான் மற்றவர்களுக்கு மன்னிப்பைச் சொன்னார் என்றால் நம்புவீர்களா? பின்வரிசையில் இளங்கோவன் இருக்கிறார், அவர் அனுமதியோடுதான் சொல்கிறேன். வேலூர்ப் பக்கத்துக்காரர், இங்கே கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. குடித்துவிட்டு பைக் ஓட்டினார், பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி இறந்துபோனாள். உடம்பை எடுத்த பிறகு உள்ளே போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டார். உபதேசியார் மூன்று நாள் மாடிப்படியில் உட்கார்ந்தார். கதவுக்கு வெளியே இருந்து ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: “தம்பி, நான் ஒரு சொல்லால ஒரு ஆளக் கொன்னவன். இன்னும் சாப்புடுறேன், நடக்கிறேன், கோயிலுக்குப் போறேன். நீயும் வெளிய வா.” மூன்றாம் நாள் கதவு திறந்தது. அந்த மூன்று நாளும் அதே மாடிப்படியில், அவருக்கு ஒரு படி கீழே நான் உட்கார்ந்திருந்தேன். அவர் அதைச் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அருள் என்றால் என்ன என்று அவர் மறைக்கல்வி வகுப்பில் சொல்லும் விதம் உங்களுக்கு நினைவிருக்கும். “காவேரித் தண்ணி ரெண்டு நாளைக்கு ஒருக்கா வருதில்ல? வர்ற நேரத்துல உன் குடம் காலியா இருக்கணும். சாக்குபோக்கெல்லாம் குடத்துல நெறச்சு வெச்சுக்கிட்டு, எனக்குத் தண்ணி வரல, தண்ணி வரலன்னு அழுதா? அதெல்லாம் வருதுப்பா. மொதல்ல குடத்தக் கவுத்துக் கொட்டு.” எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். என் குடத்தில் என்ன இருந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

இப்போது கொட்டுகிறேன்.

எனக்குத் தமிழ் தெரியும். அன்றைக்கும் தெரியும். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஆனேக்கலில் பிறந்தவனுக்குத் தமிழ் தெரியாமல் இருக்குமா? என் அம்மா கன்னடம், என் அப்பா தமிழ். பள்ளிக்கூடத்தில் கன்னடம் படித்தேன், அப்பாவிடம் தமிழில்தான் பேசினேன். இங்கே வந்த புதிதில் மேஸ்திரியோடு கன்னடத்தில் பேசியதால் என்னைக் கன்னடக்காரன் என்று நினைத்துவிட்டீர்கள். நான் மறுக்கவில்லை, அப்போது அது ஒரு பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. உபதேசியார் “விடு” என்றபோதெல்லாம் விட்டவன் நான். “பிடி” என்றபோதெல்லாம் பிடித்தவன் நான். காலையிலிருந்து மத்தியானம்வரை ஒரு தடவைகூடத் தவறவில்லை. இதை அன்று ஒரே ஒருவர் யோசித்திருந்தால் போதும். யாரும் யோசிக்கவில்லை.

என்ன நடந்தது தெரியுமா? டீ வந்தது. கண்ணாடி டம்ளர்களைத் தட்டில் வைத்து என் பக்கத்துத் திண்டில் வைத்துவிட்டுப் போனார்கள். நான் வலது கையைக் கயிற்றிலிருந்து எடுத்து ஒரு டம்ளரை எடுத்தேன். இடது கை மட்டும் கயிற்றில். ஒரு வாய் குடித்தேன். அந்த நேரத்தில்தான் அண்ணன் கால் வழுக்கியது. “பிடி” என்ற சத்தம் தெளிவாகக் கேட்டது, தமிழாகவேதான் கேட்டது. பிடித்தேன், ஒரு கையால். ஒரு கையால் ஒரு ஆளை நிறுத்த முடியுமா? தோலை உரித்துக்கொண்டு கயிறு ஓடிவிட்டது.

அவ்வளவுதான். மொழியும் இல்லை, எழுத்தும் இல்லை. ஒரு டம்ளர் டீ!

இன்ஸ்பெக்டர் கேட்டதும் பயம். வாயில் முதலில் வந்ததைச் சொன்னேன். அது இவ்வளவு பொருத்தமாகப் போய் உட்காரும் என்று நான் நினைக்கவே இல்லை. மறுநாள் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அக்கா என் தலையைத் தொட்ட பிறகு சொல்லவே முடியாமல் போய்விட்டது. உபதேசியார் என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டார், வேலை வாங்கிக் கொடுத்தார், கோயிலுக்கு இழுத்துவந்தார். தன் சொல்லால் கெட்டுப்போன பிள்ளை என்று என்னை நினைத்தார். நான் அந்தச் சோற்றைத் தின்றேன். பாவசங்கீர்த்தனத்தில் மற்ற எல்லாவற்றையும் சொன்னேன், இதை மட்டும் சொல்லாமல் எழுந்து வந்தேன். அந்த வாயோடு நற்கருணையும் வாங்கினேன். எனக்கு எப்படித் தைரியம் வந்தது என்று கேட்கிறீர்களா? கோழைக்குத்தான் அந்தத் தைரியம் வரும்.

இந்த மாதம் உபதேசியார் ஆஸ்பத்திரியில் கிடந்தார். நுரையீரல் இறுகிப்போய் மூக்கில் ஆக்சிஜன் குழாய். ஒரு மத்தியானம், லீனா அம்மா சாப்பிடப் போயிருந்தார்கள். அவர் என் சட்டையை இழுத்துக் கேட்டார்: “கில்பர்ட்டு, நான் அங்க போயி கிளிஃபர்ட்டப் பாத்தா என்னடா சொல்லுவேன்?”

ஐயா, ஆயிரம் பேரைச் சாவுக்குத் தயார் செய்த மனிதர் சாகப் பயந்தார். என் பொய்க்குப் பயந்தார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் என் சட்டையிலிருந்து கையை எடுத்தார். பிறகு, “டீயா?” என்றார்.

“ஆமா.”

“டீக்காடா?”

நான் தலை குனிந்தேன். “அன்னைக்கு உன் இடது கை பிஞ்சு போயிருந்துச்சே,” என்றார். “நான்தானே மருந்து போட்டேன்? கயித்த விட்டவன் கையில காயம் எப்படிடா வரும்? கட்டுப் போட்டேனே தவிர, யோசிக்கலையேடா நான்!” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் போனேன். வார்டு வாசலிலேயே லீனா அம்மா நிறுத்திவிட்டார்கள். “உன் மூஞ்சில முழிக்க மாட்டேங்கிறாரு. போயிடு” என்றார்கள். எதற்கு என்று அவர்களுக்கு அப்போது தெரியாது, அவர் சொல்லவில்லை. அதற்கடுத்த நாள் அவரே கூப்பிட்டனுப்பினார்.

அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன், ஒரு சொல்லைக்கூட நான் மறக்கவில்லை. “நேத்து முழுக்க உன்ன சபிச்சேன்டா. செபமாலையக் கையில வெச்சுக்கிட்டே சபிச்சேன். ஊருக்கெல்லாம் சொன்னேனே, மன்னிச்சிடு மன்னிச்சிடுன்னு! இவ்ளோ கஷ்டம்னு தெரியாம சொல்லிட்டேன். எவனாச்சும் என்னைத் திருப்பி ஒரு அறை விட்டிருக்கணும்.” மூச்சு வாங்கியது. கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: “ஆண்டவர் உன்ன மன்னிச்சிட்டாரு. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. நான்தான் இன்னும் வந்து சேரல. அவரு முன்னாடி போயிட்டாரு, நான் பின்னாடி மெதுவா வரேன். கொஞ்சம் பொறு.”

அப்புறம்தான் இந்த வேலையைக் கொடுத்தார். “யூனிஸ்கிட்ட சொல்லிடு. என் பேரக் காப்பாத்துறதுக்கு இல்லடா. இல்லாத ஒரு ஆள அவ மன்னிச்சு வெச்சிருக்கா. அது உனக்கும் வந்து சேராது, அவளுக்கும் ஆறாது. தப்புக்குத்தான்டா மன்னிப்பு. சாக்குக்கு எதுக்கு மன்னிப்பு?”

அந்தச் சனிக்கிழமை பங்குத் தந்தை வந்துபோன பிறகு அவர் லீனா அம்மாவிடம், “இன்னைக்குப் பழைய பாவம் இல்ல லீனா, புதுசா ஒண்ணு சொன்னேன்” என்று சிரித்தாராம். புதியது என்ன? என் மேல் வந்த கோபம்! அன்று சாயங்காலம் ரசம் சாதம் இரண்டு வாய் வாங்கிக்கொண்டு, “உன் ரசம்னா எனக்குப் புடிக்கும். உன்னையும் புடிக்கும்” என்றாராம். லீனா அம்மா கரண்டியைக் கீழே போட்டுவிட்டு வராந்தாவுக்கு ஓடிவந்து அழுததை நான் பார்த்தேன். ஏன் அழுகிறார்கள் என்று நர்ஸுக்குப் புரியவில்லை.

நான் உண்மையைச் சொன்னதிலிருந்து அவர் கண்ணை மூடியதுவரை ஒன்பது நாள். பத்தொன்பது ஆண்டு ஒரு மனிதரின் நெஞ்சை மிதித்தேன், ஒன்பது நாள் காலை எடுத்தேன். இதை வைத்துக்கொண்டு நான் எப்படி ஆறுதல் அடைவது? அவர் வந்து சேர்ந்தாரா என்று எனக்குத் தெரியாது. மன்னித்தேன் என்ற சொல்லை அவர் வாயால் நான் கேட்கவில்லை. கொஞ்சம் பொறு என்றார், பொறுத்துக்கொண்டிருந்தேன், அவர் போய்விட்டார். அடக்கத்தன்று பெட்டியை இறக்கும்போது நீங்கள் எல்லோரும் வழக்கப்படி வாயை மூடிக்கொண்டு என் உள்ளங்கையைப் பார்த்தீர்கள். நிறுத்துங்கள், உரக்கச் சொல்லுங்கள், அந்தச் சொல் யாரையும் கொல்லவில்லை என்று நான் கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. அன்றும் கையைத்தான் காட்டினேன். பாவி!

உங்களில் சிலர் நல்ல மனதோடு ஒன்று நினைப்பீர்கள். அந்த வேதனைதானே அவரை இவ்வளவு பேரிடம் அனுப்பியது, அந்த வேதனை இல்லாவிட்டால் இளங்கோவனின் கதவு திறந்திருக்குமா, எல்லாம் ஆண்டவர் சித்தம் என்று நினைப்பீர்கள். வேண்டாம்! தயவுசெய்து அதை என்னிடம் சொல்லாதீர்கள். கோபுரத்தில் ஒருவன் கால் வழுக்கியபோது எல்லோருக்கும் முன்னால் குரல் கொடுத்தவர் அவர். அவர் முன்பே அப்படிப்பட்ட மனிதர்தான். என் பொய் அவருக்கு எதையும் சேர்க்கவில்லை, தூக்கத்தைத்தான் எடுத்தது, பெண்டாட்டியிடம் சொல்ல வேண்டிய ஒரு சொல்லை எடுத்தது.

அவர் வேலையை என்னிடம் ஒப்படைப்பதாகத் தீர்மானம் எழுதியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். பங்குத் தந்தை அவர்களே, அதை வாசிக்க வேண்டாம். இன்று காலை என் கைப்பட எல்லாவற்றையும் எழுதி போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்துவிட்டேன். மூடிய கேஸ், இனி ஒன்றும் ஆகாது என்று ரைட்டர் சொன்னார். ஆகாவிட்டால் போகட்டும், எழுதியது எழுதியதுதான். நாளைக்கு இந்தப் பங்கில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் நான் வந்து வெளியே நிற்பேன். பதவி வேண்டாம், பெயர் வேண்டாம். உள்ளே கூப்பிட்டால் உடம்பைக் கழுவுவேன். கூப்பிடாவிட்டால் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்க் குழி வெட்டுவேன். அதற்கும் ஆள் இருக்கிறது என்றால் மண் அள்ளுவேன். உயிர் இருக்கும்வரை இதை விடமாட்டேன். உபதேசியாருக்கு நான் கொடுக்கும் வாக்கு இது.

யூனிஸ் அக்கா! கிளிஃபர்ட் அண்ணனை உபதேசியாரின் சொல் கொல்லவில்லை. என் கை கொன்றது. அனுஷா, உன் அப்பா யாரோ பாஷை புரியாமல் செய்த தவறால் சாகவில்லை அம்மா. நான் டீ குடித்ததால் செத்தார். அக்கா, நீங்கள் அன்று என் தலையைத் தொட்டுக் கொடுத்த மன்னிப்பு பாஷை தெரியாத ஒரு பிள்ளைக்கு. அப்படி ஒரு பிள்ளை கிடையாது. இல்லாத ஒருவன் பெயரில் நான் அதை வைத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு உங்களிடமே திருப்பித் தருகிறேன்.

மறுபடி கொடுங்கள் என்று கேட்பதற்கு நான் ஏறவில்லை. நீங்கள் கொடுத்தால் அது அருள், கொடுக்காவிட்டால் அது நியாயம். ஆண்டவர் என்னை மன்னித்துவிட்டார் என்று உபதேசியார் சொன்னார். அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. அது ஒன்றைத்தான் நம்பிக்கொண்டு நிற்கிறேன். உங்கள் முகத்தை இங்கிருந்து பார்க்க முடியவில்லை, இந்த விளக்கு கண்ணில் அடிக்கிறது.

அவர்கள் எழுந்து போக விரும்பினால் யாரும் தடுக்காதீர்கள், வழிவிடுங்கள். என்னை அடிக்க விரும்பினாலும் யாரும் நடுவில் வராதீர்கள்.

இந்த மைக்கை யாராவது வாங்கிக்கொள்ளுங்கள். அக்கா, நான் இறங்கி வருகிறேன்.